கலகச் சூழலிற் குடியாட்சித் தேர்தல்

குடியாட்சிக்கு உயிர்நாடி தேர்தல் என்பர். எனினும், அச்சமின்றி வாக்களிக்க இயலாத நாட்டிலே தேர்தல் நடைபெறின், அதன் முடிவு மக்கள் கருத்தைக் காட்டுமா, அன்றி அச்சத்தின் அளவைக் காட்டுமா என்னும் வினா எழுகின்றது. 2005ஆம் ஆண்டில் ஈராக்கில் நடைபெற்ற தேர்தல்கள் இவ்வினாவை ஆராய்தற்குத் தக்க சான்றாகும்.

2003ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தலைமையில் நிகழ்ந்த படையெடுப்பினாற் சதாம் உசைனின் ஆட்சி வீழ்ந்தது. பின்னர் ஆயுதக் கிளர்ச்சி மூண்டது. பெரும்பான்மையினரான சியாக்கள், சுன்னி அராபியர், குர்தியர் ஆகியோரிடையே ஐயமும் பகைமையும் வளர்ந்தன. இந்நிலையிலேயே, 2005 சனவரி 30ஆந் திகதி, அரசியலமைப்பை வரைதற்குரிய 275 உறுப்பினர் கொண்ட இடைக்காலத் தேசிய சபைக்குத் தேர்தல் நடைபெற்றது.

நம்பத்தக்க குடிசன மதிப்பு அப்போது இல்லை. தொகுதிகளை வகுக்கப் போதிய காலமும் இல்லை. ஆதலின், உணவுப் பங்கீட்டுப் பதிவேடே வாக்காளர் இடாப்புக்கு அடிப்படையாயிற்று. நாடு முழுவதும் ஒரே தொகுதியாகக் கொள்ளப்பட்டு, கட்சிப் பட்டியல்களுக்கு விகிதாசார முறைப்படி ஆசனங்கள் வழங்கப்பட்டன. முறை எளிது, விளைவோ கொடிது. ஒரு மாகாணத்தில் எத்துணைப்பேர் வாழ்கின்றனர் என்பதன்று, எத்துணைப்பேர் வாக்களித்தனர் என்பதே அதன் வலிமையை நிருணயித்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ நூற்றுக்கு 58 பேர் வாக்களிக்க, சுன்னிகள் செறிந்து வாழும் அன்பார் மாகாணத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவரே வாக்களித்தனர். கிளர்ச்சியாளரின் அச்சுறுத்தலும் சுன்னித் தலைவர் பலரின் பகிஷ்காரமுமே இதற்குக் காரணங்களாம். இதனால், அச்சபையிற் சுன்னிகளின் குரல் மிக மெலிந்தது.

அரசியலமைப்பு அவ்வாண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி மக்கள் தீர்ப்புக்கு விடப்பட்டது. 18 மாகாணங்களுள் மூன்றில், வாக்களித்தோருள் மூன்றிலிரு பங்கினர் எதிர்ப்பின் அது வீழும் என்பது விதி. அன்பாரும் சலாகுத்தீனும் அவ்வளவுக்கு எதிர்த்தன. நினவாவிற் பெரும்பான்மையோர் எதிர்த்தும் மூன்றிலிரு பங்கு எட்டவில்லை. அரசியலமைப்பு நிறைவேறியது, சுன்னிகளின் மனக்குறை தீரவில்லை.

டிசெம்பர் 15ஆந் திகதித் தேர்தலில் முறை திருத்தப்பட்டது. 275 ஆசனங்களுள் 230 ஆசனங்கள் மாகாணங்களுக்கு முன்னரே பகிரப்பட்டன. ஒரு மாகாணத்தில் அச்சத்தால் வாக்குக் குறையினும், அதற்குரிய ஆசனங்கள் பிறர்பாற் செல்லா. சுன்னிகளும் பெருந்தொகையினராய் வாக்களித்தனர்.

ஆயினும், பெரும்பாலோர் தத்தம் பிரிவுக் கட்சிகளுக்கே வாக்களித்தனர். அரசாங்கம் அமைய 2006 மே மாதம் வரை சென்றது. அதற்கிடையே, பெப்ரவரி 22ஆந் திகதி சாமராவிலுள்ள சியாப் புனிதத் தலம் தகர்க்கப்பட, பிரிவினைக் கொலைகள் பெருகின.

நல்ல தேர்தல் முறை ஒன்றே நம்பிக்கையைப் படைத்துவிடாது என்பது இதனாற் புலனாகும். ஆனால், பொருந்தாத முறையோ, தேர்தலைக் குலைக்க முயல்வோனின் நோக்கத்தைத் தேர்தலே நிறைவேற்றிக் கொடுக்கச் செய்யும். ஆதலின், கலகம் மூண்ட நாட்டிலே தேர்தலை நாடுவோர், அது எந்நாளில் நிகழும் என்பதனினும், வாக்களிக்க இயலாதவனின் இடம் எவ்வாறு காக்கப்படும் என்பதையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.