அனுப்பாத கடிதம் திரும்பி வருவதேன்?

“தங்கள் மின்னஞ்சலைச் சேர்ப்பிக்க இயலவில்லை” என்று தகவல் வருகிறது. ஒன்றல்ல, வரிசையாக ஐம்பது! அவற்றை அனுப்பியதாகப் பெயர் சுமக்கும் குமாஸ்தாவோ, ஒன்றையும் அனுப்பியவரல்ல. கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டதோ, மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்று கலங்குகிறார்.

பெரும்பாலும் அவருடைய கம்ப்யூட்டர் மீது குற்றமில்லை. தபால் உறையில் ‘அனுப்புநர்’ என்று யாருடைய விலாசத்தையும் யாரும் எழுதலாம். சேராத கடிதம் அந்த விலாசத்துக்கே திரும்பும். மின்னஞ்சலும் அப்படித்தான். 1982-ல் அதற்கு விதிமுறை வகுத்தபோது, அனுப்புகிறவரைச் சரிபார்க்க வழி வைக்கவில்லை. பின்னர் வந்த சோதனைகளை எல்லோரும் கடைப்பிடிப்பதுமில்லை.

2004 ஜனவரியில் பரவிய ‘மைடூம்’ வைரஸ், தான் புகுந்த கம்ப்யூட்டரில் கண்ட பிறர் விலாசங்களை அனுப்புநராகப் போட்டது. நோய் ஓரிடம், பழி ஓரிடம்! ‘கடிதம் சேரவில்லை’ என்ற அறிவிப்பைப் போலவே வேடமிட்டும் அது வந்தது. ஆகவே, இத்தகைய தகவலோடு வரும் இணைப்பைத் திறக்கவே கூடாது.

‘அனுப்பியவை’ பகுதியைப் பார்க்க வேண்டும். தாம் எழுதாத கடிதம் அங்கே இருந்தால் கணக்கு பிறர் கைக்குப் போய்விட்டது என்று பொருள். அங்கே ஒன்றுமில்லாவிட்டாலும் பாஸ்வேர்டை மாற்றிவிடுவது நல்லது. வரும் கடிதங்களை வேறு விலாசத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இருந்தால் நீக்க வேண்டும்.

முக்கியமாக, ஊரிலுள்ள உறவினருக்குப் போன் செய்து எச்சரிக்க வேண்டும். “அவசரம், பணம் அனுப்பு” என்று அவர் பெயரில் கடிதம் போயிருக்கலாம். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 எண்ணில் புகார் செய்யலாம்.