பேதி நிற்கவில்லையா? டப்பாவோடு லேபுக்குப் போங்கள்

2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண் தொழிலாளர்கள் மறியல் செய்தது பலருக்கும் நினைவிருக்கும். பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சாப்பிட்டவர்களுக்கு வயிறு கெட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் வேலை பார்த்த ஃபாக்ஸ்கான் ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் மறுபடி திறந்தது.

நூறு பேர் ஒன்றாகப் படுத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். ஒருத்திக்கு மட்டும் மூன்று வாரமாக வயிறு சரியில்லை என்றால் பக்கத்துக் கட்டிலில் படுப்பவருக்குக்கூடத் தெரியாது. லைனில் நிற்கும்போது அடிக்கடி பாத்ரூம் போகக் கேட்கக் கூச்சம். மெடிக்கலில் “லூஸ் மோஷன்” என்றால் மாத்திரை கிடைக்கும். ரெண்டு நாள் அடங்கும், பிறகு பழையபடி ஆரம்பிக்கும். இந்தக் கட்டுரை அந்தப் பேதியைப் பற்றியது.

எந்தப் பேதியைச் சந்தேகிக்க வேண்டும்?

கெட்டுப்போன சாப்பாட்டால் வருவது பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தாக்கி, சில நாளில் விட்டுவிடும். குடல் ஒட்டுண்ணி நிதானமாக வேலை செய்யும். ஜியார்டியா உள்ளே போய் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தொல்லை தொடங்கும்: வயிறு உப்புசம், நாற்றமடிக்கும் எண்ணெய்ப் பசையுள்ள மலம், எடை குறைவு. அமீபா என்றால் சீதமும் ரத்தமும் வரலாம். கிரிப்டோஸ்போரிடியம் தண்ணீராகப் போகவைக்கும். திடமானவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தானே அடங்கிவிடும். எச்ஐவி போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை மாதக்கணக்கில் வாட்டும்.

ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால் மலப் பரிசோதனை கேளுங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் ஒரு வாரம் காத்திருக்கவும் கூடாது, பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடவும் கூடாது. எதுவானாலும் ஓஆர்எஸ் குடித்துக்கொண்டே இருங்கள்.

லேபில் என்ன பார்க்கிறார்கள்?

கண்ணாடித் துண்டில் ஒரு பக்கம் உப்புநீர்ச் சொட்டு, மறுபக்கம் அயோடின் சொட்டு. இரண்டிலும் துளி மலத்தைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். 1681-ல் மைக்ராஸ்கோப் முன்னோடியான லேவன்ஹுக் தன் மலத்தையே தான் செய்த லென்ஸில் வைத்துப் பார்த்தார். அவர் கண்டது ஜியார்டியா என்றே இன்று கருதுகிறார்கள்.

வழக்கமான இந்தச் சோதனைக்கு ஓட்டைகள் உண்டு. கிரிப்டோஸ்போரிடியத்தின் முட்டைக்கூடு 4 முதல் 6 மைக்ரோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. ஈஸ்ட் மாதிரியே தெரிந்து கண்ணை ஏமாற்றும். காசநோய்ச் சளிக்குப் போடும் சாயத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் சிவப்பாகத் தனித்துத் தெரியும். ஆனால் டாக்டர் அதைக் குறிப்பிட்டு எழுதாவிட்டால் பல லேபுகளில் அந்தச் சாயம் போட மாட்டார்கள். “ஓவா, சிஸ்ட் இல்லை” (ஒட்டுண்ணியின் முட்டையும் கூடும் இல்லை) என்று வரும் ரிப்போர்ட் கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் சேர்த்துச் சொன்ன பதில் இல்லை. ஆன்டிஜென், பிசிஆர் சோதனைகள் இன்னும் துல்லியமானவை, செலவும் கூடுதல்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. நோய் தரும் அமீபாவின் சிஸ்ட்டும், தீங்கே செய்யாத அதன் பங்காளியின் சிஸ்ட்டும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1985-ல் லான்செட் இதழில் எழுதிய ஆய்வில், பேதியே இல்லாத குழந்தைகளின் மலத்திலும் கிரிப்டோஸ்போரிடியம் இருந்தது. ஆகவே ரிப்போர்ட்டை மட்டும் மெடிக்கலில் நீட்டி மாத்திரை வாங்குவது வீண். உங்கள் வயிறு என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுத்தான் டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

சாம்பிள் எடுக்கும் முறை

பாதி ரிப்போர்ட் இங்கேதான் கெடுகிறது. லேபில் தரும், அகல வாயுள்ள மூடிபோட்ட உலர்ந்த டப்பா வேண்டும். கழிப்பறைத் தண்ணீரோ சிறுநீரோ படக் கூடாது. ஒரு ஸ்பூன் அளவு போதும். சீதமோ ரத்தமோ இருந்தால் அந்தப் பகுதியை எடுங்கள். அமீபா உயிரோடு நகர்வதைப் பார்க்க வேண்டுமானால், தண்ணீராகப் போன மலம் அரை மணி நேரத்துக்குள் மைக்ராஸ்கோப்புக்குப் போக வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து ரூமில் எடுத்து, தூங்கி எழுந்து மத்தியானம் கொண்டுபோனால் அது நடக்காது. முடிந்தால் லேபிலேயே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு நாள் இல்லையென்றால் இல்லவே இல்லை என்று ஆகாது. சிஸ்ட்டுகள் தினமும் வெளியேறுவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று சாம்பிள் கேட்பது அதனால்தான், லேபுக்கு வருமானம் பார்க்க அல்ல. மெட்ரோனிடசோலோ வேறு ஆன்டிபயாடிக்கோ ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். போட்டபிறகு ஒட்டுண்ணி கண்ணில் படாமல் போகலாம்.

குளோரினும் சானிடைசரும் போதாது

1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் வழியாகவே சுமார் 4 லட்சம் பேருக்குக் கிரிப்டோஸ்போரிடியம் பரவியது. குளோரினுக்கு அது சாகாது. கேன்டீன் வாசலில் வைத்திருக்கும் சானிடைசருக்கும் சாகாது. சோப்பு போட்டுக் கை கழுவுவதும், தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் விடுவதும்தான் வழி. கேன் தண்ணீர் என்பதாலேயே நம்பிவிட வேண்டாம்.

லீவு போட்டால் சம்பளம் போகுமே என்பவர்களுக்கு: இஎஸ்ஐ-யில் இருந்து, சந்தாக் கணக்கும் சரியாக இருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் சராசரிக் கூலியில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

ஹாஸ்டல் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சமையல் ஆட்களுக்கு வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அடுத்த முறை அவர்களை அனுப்பும்போது மலப் பரிசோதனையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.