முகமூடிக்குள் ஒரு முகம்

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

முகத்தை மறைத்துக்கொண்டே புகழ் பெற்றவர்கள் உலகில் மிகச் சிலரே. அத்தகையோர் சிலர் மேலைநாட்டு இசையுலகில் இருக்கிறார்கள். மேடையில் அவர்கள் தலை முழுவதையும் மூடும் ஒரு கவசத்தை அணிந்து தோன்றுவார்கள். நம்மில் பலர் அந்தக் கவசங்களைப் படத்தில் கண்டிருப்போம். மாறுவேடப் போட்டிக்கோ ஆண்டு விழா நடனத்துக்கோ அது போன்ற ஒன்றைச் செய்து அணிந்தால் என்ன என்றும் நினைத்திருப்போம். இந்த ஆண்டு என் தங்கைக்காக அப்படி ஒரு தலைக்கவசம் செய்தேன். அதன் செய்முறையையும், அதற்குள் அடங்கியுள்ள கணக்கையும் அறிவியலையும் தோழியருக்கு எடுத்துக்கூறவே இக்கட்டுரை.

முகம் மறைத்த இசைஞர்கள்

முதலில் இவர்களைச் சற்று அறிந்துகொள்வோம். பிரான்சு நாட்டைச் சேர்ந்த தாமஸ் பாங்கால்டர், கி-மானுவல் த ஓமெம்-கிறிஸ்டோ என்னும் இருவர் 1993-ஆம் ஆண்டில் 'டாஃப்ட் பங்க்' என்ற இசைக்குழுவைத் தொடங்கினர். 2001-ஆம் ஆண்டிலிருந்து இவர்கள் இயந்திர மனிதர்களைப் போலத் தலைக்கவசம் அணிந்தே மக்கள் முன் தோன்றினர். ஒருவருடையது வெள்ளி நிறம், மற்றவருடையது பொன் நிறம். 2014-இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற மேடையேறியபோதும் அவற்றைக் கழற்றவில்லை. 2021 பிப்ரவரியில் இவர்களுடைய குழு கலைந்தது.

கனடா நாட்டு ஜோயல் சிம்மர்மன் இரண்டு வட்டக் காதுகள் கொண்ட பெரிய எலித்தலையை அணிபவர். தம் கணிப்பொறிக்குள் ஓர் எலி செத்துக் கிடந்ததைக் கண்டதால் 'டெட்மவுஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டார்.

2015-இல் அறிமுகமான அமெரிக்க இசைஞர் மார்ஷ்மெல்லோ. சர்க்கரையும் ஜெலட்டினும் சேர்த்துச் செய்யும், பஞ்சு போன்ற வெள்ளை மிட்டாய் ஒன்று உண்டு. அதன் பெயரையே சற்று மாற்றி வைத்துக்கொண்ட இவர், அதன் வடிவத்தையே தலையிலும் அணிகிறார். ஒரு வெள்ளை உருளை. அதில் பெருக்கல் குறி போன்ற இரண்டு கண்கள். ஒரு பெரிய புன்னகை. அவ்வளவுதான்! 2019 பிப்ரவரியில் 'ஃபோர்ட்நைட்' என்னும் கணிப்பொறி விளையாட்டுக்குள் இவர் நடத்திய இசை நிகழ்ச்சியில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர் என்றால் அந்த வெள்ளை முகத்தின் புகழை அறியலாம்.

இம்மூன்றில் நாம் எளிதாகச் செய்யக்கூடியது மார்ஷ்மெல்லோவின் உருளைதான். பாடப் புத்தகத்தில் நாம் படிக்கும் உருளையே இது.

உள்ளிருந்து தொடங்குவோம்

முகமூடி என்றவுடன் வெளித்தோற்றத்தைத்தான் எல்லாரும் எண்ணுவார்கள். ஆனால் அணிந்து ஆட வேண்டிய முகமூடிக்குள் ஒரு சிறுமி இருக்கிறாள். அவள் மூச்சுவிட வேண்டும், பார்க்க வேண்டும், பாட்டைக் கேட்க வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும். ஆகவே அவளுடைய தலையை அளந்து, அதிலிருந்து வெளியே வருவதுதான் சரியான முறை.

என் தங்கையின் தலைச் சுற்றளவு 55 செ.மீ. இதை 22/7-ஆல் வகுத்தால் விட்டம் 17.5 செ.மீ. உருளையின் விட்டத்தை 28 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் தலைக்கும் உருளைக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 5 செ.மீ. இடைவெளி கிடைக்கும். மூக்குக்கும் மூச்சுக்கும் இந்த இடம் தேவை. உருளையின் சுற்றளவு 22/7 × 28 = 88 செ.மீ. உயரம் 30 செ.மீ. உச்சந்தலைக்கு மேல் 5 செ.மீ. விட்டால், மீதி 25 செ.மீ. தாடைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். இதற்கு மேல் நீளம் வைத்தால் விளிம்பு தோளில் இடிக்கும். தலையைத் திருப்ப முடியாது.

தேவையான பொருள்கள்

கெட்டியான வெள்ளைச் சார்ட் அட்டை 3, பெவிகால் பசை, பழைய துணித் தொப்பி ஒன்று, 5 செ.மீ. கனமுள்ள ஸ்பாஞ்சு, கறுப்பு வலைத்துணி கால் மீட்டர், சிறிது வெள்ளை வலைத்துணி, நூல், பென்சில், அளவுகோல், கத்தரிக்கோல், துணிக்கு மாட்டும் கிளிப்புகள். உருளையை வெளியே வண்ணம் பூச வேண்டியதில்லை. அட்டையே வெள்ளை. வண்ணத்தின் வாடை முகத்தருகே தங்குவது நல்லதும் அன்று.

செய்முறை

1. கடைகளில் கிடைக்கும் சார்ட் அட்டை ஏறத்தாழ 71 செ.மீ. நீளமும் 56 செ.மீ. அகலமும் உடையது. ஓர் அட்டையிலிருந்து 46 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள இரண்டு துண்டுகள் வெட்டலாம். இரண்டையும் சேர்த்தால் 92 செ.மீ. இரண்டு ஒட்டுகளுக்கும் 2 செ.மீ. வீதம் போக 88 செ.மீ. சுற்று கிடைக்கும்.

2. ஒட்டுவதற்கு முன் கிளிப்புகளால் இணைத்து வட்டமாக்கி, அணியப்போகிறவளின் தலையைச் சுற்றி நிறுத்திப் பாருங்கள். பிறகு அவள் தலைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் படுக்கையாக வைத்து, அதிலிருந்து கண் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளங்கள். என் தங்கைக்கு 11 செ.மீ. மேலே விட்ட 5 செ.மீ. சேர்த்து, மேல் விளிம்பிலிருந்து 16 செ.மீ. கீழே கண்ணின் நடுப்புள்ளி வரும்.

3. அட்டையைப் பிரித்துத் தரையில் விரித்துக் கண்களை வரைய வேண்டும். ஒவ்வொரு குறுக்குக் கோடும் 10 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. அகலமும் இருக்கட்டும். இங்கே ஒரு கேள்வி எழும். கண்களை நன்கு தள்ளி வைத்தால் முகம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நம்முடைய கண்மணிகள் இரண்டுக்கும் நடுவே 6 செ.மீ. தொலைவுதான் உள்ளது. தள்ளி வைத்த கண்கள் வழியாகப் பக்கச் சுவர்தான் தெரியும். எதிரில் நிற்பவர் தெரியமாட்டார். ஆகவே இரண்டு குறிகளின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே 9 செ.மீ. மட்டும் விட்டேன். வெளிமுகம் உள்முகத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

4. மேல் விளிம்பிலிருந்து 23 செ.மீ. கீழே, 16 செ.மீ. அகலமும் நடுவில் 3 செ.மீ. உயரமும் உள்ள புன்னகையை வெட்டுங்கள். கண், வாய் ஆகியவற்றின் உட்புறத்தில் கறுப்பு வலைத்துணியை ஒட்டுங்கள்.

5. இப்போது வட்டமாக்கி ஒட்டுங்கள். இரண்டாவது அட்டையிலும் இதே அளவில் வெட்டி, முதல் சுற்றின்மேல் மற்றொரு சுற்றாக ஒட்டுங்கள். செங்கல் சுவரில் ஒட்டுக்கு நேரே ஒட்டு வராதது போல, இதிலும் ஒட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வரக் கூடாது. கண்ணும் வாயும் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். தட்டையாக இருந்தபோது வளைந்த அட்டை, உருளையானதும் விறைப்பாக நிற்பதைக் காணலாம்.

6. மூன்றாவது அட்டையில் மூடிக்கான வட்டங்கள். நம் கவராயம் இவ்வளவு பெரிய வட்டம் போடாது. பென்சிலில் நூல் கட்டி வரையலாம். முதல் வட்டத்தின் ஆரம் 16 செ.மீ. அதன் ஓரத்தில் 2 செ.மீ. ஆழத்துக்குப் பல் பல்லாக வெட்டி மடித்து, உருளையின் உட்புறம் ஒட்ட வேண்டும். 14 செ.மீ. ஆரமுள்ள மற்றொரு வட்டத்தை அதன் மேலே ஒட்டலாம்.

7. மூடியில் 4 செ.மீ. விட்டமுள்ள நான்கு துளைகள் இட்டு, வெள்ளை வலைத்துணியால் மூடுங்கள். சபையினர் மேடைக்குக் கீழே அமர்ந்திருப்பதால் இத்துளைகள் அவர்கள் கண்ணில் படா.

8. தொப்பியின் முன்மடலை வெட்டிவிட்டு, நெற்றி, பின்தலை, இரு பக்கம் என நான்கு இடங்களில் ஸ்பாஞ்சுத் துண்டுகளை வைத்து உருளையோடு ஒட்டுங்கள். தலை சரியான வட்டம் இல்லையாதலால் துண்டுகளைத் தலைக்கு ஏற்பச் செதுக்க வேண்டும். தொப்பியைச் சுற்றிலும் முழு வளையமாக ஸ்பாஞ்சு வைத்துவிடாதீர்கள். இடைவெளி வழியாகத்தான் காற்று மேலே போகும். தொப்பி இருப்பதால் தலை திரும்பும்போது உருளையும் திரும்பும்.

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள அட்டையானால், அட்டை முழுவதும் சேர்ந்து சுமார் 200 கிராம்தான் இருக்கும். கழுத்துக்கு இது பாரமாகாது.

காற்றின் கணக்கு

அடிப்பக்கம் திறந்திருக்கும்போது மேலே துளைகள் எதற்கு என்று கேட்கலாம். உருளையின் கன அளவைக் கணக்கிடுவோம். 22/7 × 14 × 14 × 30 = 18,480 கன செ.மீ., அதாவது சுமார் 18.5 லிட்டர். தலை அடைத்துக்கொள்ளும் இடம் போக ஏறத்தாழ 14 லிட்டர் காற்று உள்ளே இருக்கும். அமைதியாக இருக்கும்போது நாம் ஒரு மூச்சில் அரை லிட்டர் காற்றை இழுக்கிறோம். நிமிடத்துக்கு 14 மூச்சு என்றால் 7 லிட்டர். புதுக்காற்று வராவிட்டால், இரண்டே நிமிடத்தில் உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒரு முறை நுரையீரலுக்குப் போய் வந்துவிடும்! நாம் விடும் மூச்சில் கரியமில வாயு ஏறத்தாழ 4 விழுக்காடு உண்டு. வெளிக்காற்றில் அது 0.04 விழுக்காடுதான். ஆடும்போது மூச்சு இன்னும் விரைவாகும்.

விட்ட மூச்சு வெப்பமாக இருப்பதால் மேலே எழுகிறது. மேல்மூடி அடைபட்டிருந்தால் அது அங்கேயே தங்கும். துளை இருந்தால், அடுப்புப் புகைபோக்கியில் நடப்பதைப் போல, அது மேலே வெளியேறப் புதிய காற்று வாய் வழியாகவும் அடி வழியாகவும் உள்ளே வரும். என் தங்கை மூக்குக்கண்ணாடி அணிபவள். ஈரமான மூச்சு தங்கினால் கண்ணாடியில் ஆவி படியும். துளைகளும் அகன்ற வாயும் இருப்பதால் அவளுக்கு அத்தொல்லை இல்லை.

கறுப்பு வலையின் வேலை

உள்ளிருப்பவளுக்கு வெளியே தெரிகிறது; வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரிவதில்லை. இது எப்படி? பகலில் தெருவில் நின்று சன்னல் திரை வழியாக வீட்டுக்குள் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரு தெரியும். இரவில் வீட்டுக்குள் விளக்கு எரிந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். இருட்டில் இருப்பவர் வெளிச்சத்தில் இருப்பவரைப் பார்க்கலாம் என்பதே காரணம். மேடை விளக்கு வெளியே, இருட்டு உள்ளே. வலை கறுப்பாக இருப்பதால் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. வெள்ளை வலையானால் அது ஒளியைச் சிதறடித்து உள்ளிருப்பவள் பார்வையை மறைக்கும். இதே காரணத்தால் கவசத்துக்குள் விளக்குகள் வைப்பது நல்லதன்று.

மேடைக்கு முன் சோதனை

அணிந்தபின் நான்கு சோதனைகள் செய்யுங்கள். மூன்று மீட்டர் தொலைவில் எழுதிய எழுத்தைப் படிக்க முடிகிறதா? பின்னால் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொல்லி அழைத்தால் கேட்கிறதா? குனிந்து நிமிர்ந்தாலும் கவசம் நழுவாமல் இருக்கிறதா? ஒரே கையால், ஒரே இழுப்பில் கழற்ற முடிகிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை வராவிட்டால் அதை அணியவே கூடாது. ஆகையால் தாடைக்குக் கீழே கயிறு போட்டு முடிச்சிடாதீர்கள்.

இதை அணிந்தவளுக்குத் தன் கால் தெரியாது. மேடைப்படி ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு தோழி கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். அட்டை தீப்பற்றக்கூடியது, குத்துவிளக்கு, மெழுகுவர்த்தி அருகே போகலாகாது. ஒரு பாட்டு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். பெயர் தலைக்கவசம் என்றாலும் இது அடியிலிருந்து காக்காது. சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் உரிய ஹெல்மெட்டே வேண்டும்.

தோழியரே! 'சுவரை வைத்துத்தான் சித்திரம்' என்பது நம் முன்னோர் மொழி. வெளியே வரைந்த புன்னகை எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே மூச்சு முட்டினாலும் அது சிரித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் சபையில் யாரும் அறியமாட்டார்கள். செய்கிறவள்தான் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் முகமும் சிரிக்கும்படி செய்யப்பட்ட முகமூடியே நல்ல முகமூடி. வரும் விடுமுறையில் நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். ஆனால் அட்டையை வெட்டுவதற்கு முன் தலையை அளங்கள்!