எழுதுகோலும் உண்கலமும்

எழுத்தாளராக வேண்டும் என்னும் விருப்பம் நம் மாணாக்கருட் பலர்க்கு உண்டு. அவ்விருப்பம் போற்றற்குரியது. அவர்கள் என்னிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டே. எழுத்தை எவ்வாறு திருத்திக் கொள்ளுவது என்பது ஒன்று; எழுத்தையே நம்பி வாழ்தல் கூடுமோ என்பது மற்றொன்று. இவற்றை ஒன்றாக வைத்து மயங்குவதனாலே நல்ல கைகள் சில இடைவழியிற் சோர்ந்துவிடுகின்றன. ஆதலின் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் வினாவுக்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், நூலுக்கு ஆகாத குற்றங்கள் 10 எனவும், நூலுக்குரிய அழகுகள் 10 எனவும் வகுக்கப்பட்டுள்ளன. பரீட்சைக்காக அவற்றை நெட்டுருப் பண்ணுவோர் பலர். தம் எழுத்தின்மேல் வைத்துப் பார்ப்போர் மிகச் சிலர். நூலுக்குச் சொன்னவை சிறுகதைக்குப் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். பொருத்திப் பார்த்தால் ஐயம் நீங்கும்.

குன்றக் கூறல் என்பது ஒரு குற்றம். கதையிலே ஒருத்தி அழுகிறாள். அவள் ஏன் அழுகிறாள் என்பது எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. மிகைபடக் கூறல் அதற்கு மறுதலை. நிலவு என்றாற் போதுமான இடத்தில் வெண்ணிலவும் தண்ணிலவும் பால்நிலவுமாக மூன்று நிலவுகள் எழுந்துவிடும். பாத்திரம் தன் வாயாற் சொல்லியதையே ஆசிரியர் அடுத்த பந்தியில் விளக்கப் புகுவது கூறியது கூறல். திருவிழாவிலே காணாமற்போன பிள்ளையைத் தேடத் தொடங்கிய கதை, தேரின் சிற்ப வேலையை வருணித்துக்கொண்டு நின்றுவிடுவது மற்றொன்று விரித்தல். தொடக்கத்திலே பெருவெள்ளம் போல வந்த நடை, முடிவிலே மணலிற் சுவறிவிடுவது சென்று தேய்ந்து இறுதல். இவை நாள்தோறும் நாம் படிக்கும் கதைகளிற் காண்பன அல்லவோ?

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையைக் கொண்டுவந்து தந்தார், 14 பக்கம். படிப்பை நிறுத்திவிட்டு எழுத்திலேயே இறங்கப் போவதாகவும் கூறினார். நான் புகழவுமில்லை, இகழவுமில்லை. மேற்சொன்ன குற்றங்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, கதையை வாய்விட்டுப் படிக்குமாறும், நாத் தடுமாறும் இடந்தோறும் அது எந்தக் குற்றம் என ஓரத்திலே குறிக்குமாறும் சொன்னேன். ஒரு கிழமை கழித்து 8 பக்கத்தோடு வந்தார். நீக்கிய பக்கங்களெல்லாம் தாம் மிக விரும்பி எழுதியவை என்றார். அங்ஙனம் நீக்கத் துணிந்ததே எழுத்துக் கல்வியின் முதற்படி. கதை பின்னர் அச்சேறிற்று. படிப்பையும் அவர் விடவில்லை.

வசனத்துக்கு வழிகாட்டி வேண்டுவோர் ஆறுமுக நாவலரை (1822-1879) ஊன்றிப் படித்தல் வேண்டும். அவர் இளமையிலே பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அப்பணியிலே சொல்லை நிறுத்துப் பாராமல் ஓரடியும் நகர்தல் இயலாது. பெரியபுராணத்தை 1852இல் வசனமாக வெளியிட்டார். அவர் நடையை அவ்வாறே பின்பற்றல் வேண்டா. ஒரு பந்தியைக் கையால் எழுதி, எந்தச் சொல்லை எடுத்தாற் பொருள் குறையாது என்று சோதித்துப் பாருங்கள். எடுக்கத்தக்க சொல் அரிதாகவே அகப்படும்.

இப்பயிற்சி இக்காலத்துக்கு முன்னையினும் வேண்டற்பாலது. முன்னர்ப் பத்திராதிபர் கண்ணைக் கடவாமல் ஒன்றும் வெளிவாராது. இன்றோ கைத்தொலைபேசியில் எழுதி முடித்த கணத்திலே ஊரறியச் செய்துவிடலாம். திருத்துவார் இல்லாதவிடத்துத் தன்னைத் தானே திருத்துவான் ஒருவன் தேவை.

இனி, உண்கலத்தைப் பற்றிய வினா. நம் நாட்டிலே தமிழ்நூல் எழுதுவோருட் பலர் தம் கைப்பொருளைச் செலவிட்டே அச்சிடுகின்றனர். 300 படி, 500 படி விற்று முடியவும் காலம் பல செல்கின்றது. இதனை அறியாது தொழிலைக் கைவிடுதல் விவேகமன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) உத்தியோகம் வகித்தவர். புதுக்கோட்டையிலே நீதிபதியாகவும் இருந்தவர். வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தவரும் அவரே. டொமினிக் ஜீவா (1927-2021) யாழ்ப்பாணத்திலே சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டே கதை எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி, 40 ஆண்டுகளுக்கு மேலாக நடத்தினார். அதன் படிகளைத் தாமே கையிற் கொண்டு திரிந்து விற்றார்.

இவர்கள் வாழ்விலே நாம் காண்பது யாது? தொழில் எழுத்துக்குப் பகையன்று. சோற்றுக்கு வேறு வழி உடையவனுடைய எழுதுகோல், பிறர் விரும்பியதை எழுத வேண்டிய கட்டாயத்துக்கு உட்படாது. தாம் கண்டதைக் கண்டவாறு எழுத அதுவே துணை. இதனால் எழுத்துக்கு ஊதியம் கேட்டல் இழிவென்று கொள்ளற்க. கொடுக்க வல்லாரிடம் கேட்டுப் பெறுதல் முறையே. அதனையே நம்பி அடுப்பு மூட்டுதல்தான் ஆகாது.

ஆகவே, எழுத விழையும் இளைஞர்க்கு என் வேண்டுகோள் இவை: நாடோறும் ஒரு மணி நேரத்தை எழுத்துக்கென ஒதுக்குங்கள். எழுதியதை ஒரு கிழமையேனும் மூடி வைத்துப் பின்னர் எடுத்துத் திருத்துங்கள். பத்திரிகைக்கு அனுப்பு முன் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் மனம் உடையாது மீண்டும் வாய்விட்டுப் படியுங்கள். பெயர் அச்சில் வருவது ஒரு நாள் மகிழ்ச்சி. பத்தாண்டு கழித்து அந்தப் பக்கத்தை எடுத்துப் படிக்கும்போது, ஒரு சொல்லும் நீக்க வேண்டாதிருப்பதே எழுத்தாளன் பெறும் பேறு.