காதா, கருவியா?

ஸ்பீக்கர் வாங்க எதை நம்புவது? பழைய சண்டைக்கு ஒரு திரைச்சீலை பதில் சொன்னது

மும்பையின் லேமிங்டன் ரோடு, டெல்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட், சென்னையின் ரிச்சி தெரு. ஊர் எதுவானாலும் ஸ்பீக்கர் வாங்குபவர்கள் இரண்டே கட்சி. ‘காதால் கேட்காமல் வாங்காதே’ என்பது ஒன்று. ‘காது ஏமாற்றும், அளவீட்டைப் பார்’ என்பது மற்றொன்று. பல மாதச் சேமிப்பைக் கொட்டுபவருக்கு இது வெறும் பட்டிமன்றம் அல்ல.

இரு தரப்பிலும் ஓட்டை உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று சற்றே உரக்க ஒலித்தால் போதும், அதுவே தரமானது என்று காது தீர்ப்பளித்துவிடும். பெட்டியில் அச்சிடும் எண்களும் லேசுப்பட்டவை அல்ல. பிஎம்பிஓ என்ற பெயரில் சின்ன டேப்ரிக்கார்டர்கள்கூட ஆயிரக்கணக்கான வாட் திறனைப் பறைசாற்றியது பலருக்கு நினைவிருக்கும். அந்த எண்ணைக் கணக்கிடப் பொதுவான விதியே கிடையாது. ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்பதும் அப்படித்தான். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாவிட்டால் அதற்கு அர்த்தமில்லை.

இந்தச் சிக்கலை முறையாக ஆராய்ந்தவர் ஃப்ளாய்ட் டூல். 1965 முதல் 1991 வரை கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் பணியாற்றிய இவர், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, சத்தத்தைச் சமப்படுத்தி, கேட்பவர்களிடம் மதிப்பெண் கேட்டார். அதே ஸ்பீக்கர்களை எதிரொலி இல்லாத அறையில் அளந்தும் பார்த்தார். முடிவு ஆச்சரியமானது: பெயரும் விலையும் மறைந்ததும் மனிதர்களின் ரசனை பெரும்பாலும் ஒன்றுபட்டது. எந்த ஸ்தாயியையும் தூக்காமல் அமுக்காமல் சீராக ஒலிப்பவையே அதிக மதிப்பெண் பெற்றன.

1994இல் ஹர்மன் நிறுவனத்தில் டூலும் ஷான் ஓலிவும் 40 பேரை வைத்து நடத்திய சோதனை இன்னும் சுவாரசியம். கேட்டவர்கள் அனைவரும் அந்நிறுவன ஊழியர்கள். திரையை விலக்கியதும் பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. சிறிய, மலிவான ஸ்பீக்கரின் மதிப்பெண் சரிந்தது. ஒலி மாறவில்லை, பார்வைதான் குறுக்கே வந்தது.

2004இல் ஓலிவ் ஒருபடி மேலே போனார். 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளை மட்டும் வைத்து, கேட்பவர்கள் தரும் மதிப்பெண்ணைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை உருவாக்கினார். கணிப்புக்கும் உண்மைக்கும் இருந்த தொடர்பு 0.86. முழுப் பொருத்தம் என்றால் 1. ஆனால் அவர் பயன்படுத்தியது பெட்டியில் அச்சிடும் ஒற்றை எண் அல்ல. ஸ்பீக்கரைச் சுற்றிலும் மேலும் கீழுமாக 10 டிகிரிக்கு ஒருமுறை, மொத்தம் 70 கோணங்களில் எடுத்த அளவீடு.

அப்படியானால் காதுக்கு வேலையில்லையா? இருக்கிறது. கீழ் ஸ்தாயியில், அதாவது சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஆட்சி செய்வது அறைதான். சுவர் மூலையில் வைத்தால் ‘பேஸ்’ பொங்கும். நடுவே நகர்த்தினால் அடங்கும். கடையில் கம்பீரமாக முழங்கிய ஸ்பீக்கர், மொசைக் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் கூடத்தில் இரைச்சலாகலாம். அந்தக் கூடத்தை எந்தத் தொழிற்சாலையும் அளந்து பார்த்ததில்லை.

எனவே முதலில் முழுமையான அளவீடுகளைப் பார்த்துப் பட்டியலைச் சுருக்குவது நல்லது. பிறகு நன்கு பழகிய ஒரு பாட்டைச் சம சத்தத்தில் கேட்க வேண்டும். ஜோடியாக அல்ல, ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பது உத்தமம். குறைகள் அதில்தான் சீக்கிரம் பிடிபடும் என்பது டூலின் சோதனைகள் காட்டிய இன்னொரு உண்மை. வீட்டில் வைத்துக் கேட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பித் தர முடியுமா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

காதும் கருவியும் எதிரிகள் அல்ல. கெடுப்பது கண்தான். கடையில் ஒரு நிமிடம் அதை மூடிக்கொள்ளச் செலவேதும் இல்லை.