ஆயாவாக நின்ற தாய்

ராமகுப்பத்திலிருந்து குப்பம் வந்து பெங்களூர் வண்டி ஏறும் நம்மவர்களுக்குப் பங்காரப்பேட்டை பழகிய நிலையம். கோலார் தங்கவயலுக்குக் கிளைப்பாதை பிரிவது அங்கேதான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கையில் எடுத்த அந்தச் சுரங்கம், 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சித்தூர், வடஆர்க்காடு மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்கள் பல தலைமுறை அங்கே உழைத்தன.

அங்கே வேலை அடுக்கடுக்காக இருந்தது. மேலே வெள்ளைக்காரர், பாதாளத்தில் பாறை உடைக்கும் தமிழர், நடுவில் ஆங்கிலோ-இந்தியர். நம் பெரியவர்கள் இவர்களைச் 'சட்டைக்காரர்' என்றார்கள்.

இந்தக் கலப்பு தானாக வந்ததல்ல. 1687-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக் கோட்டைக்கு ஒரு கடிதம் எழுதியது. சிப்பாய்கள் நாட்டுப் பெண்களை மணக்கட்டும், பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானத்தன்று தாயிடம் ஒரு வராகன் கொடுக்கலாம் என்றது. அதே கம்பெனி 1791-ல், பெற்றோரில் ஒருவர் இந்தியரானால் உயர் உத்தியோகம் கிடையாது என்று கதவைச் சாத்தியது. வராகன் கொடுத்து வரவேற்ற பிள்ளை நூறு ஆண்டுகளில் வேண்டாத பிள்ளையாயிற்று!

பின்னர் ரயில்வேயும் தந்தி இலாகாவும் அவர்களுக்கு வாழ்வு கொடுத்தன. அங்கும் சம்பளமும் குடியிருப்பும் இனத்தைப் பார்த்தே அமைந்தன. சிவப்பாயிருந்தவர் தம்மை ஐரோப்பியர் என்று பதிந்துகொண்டார். இந்தியக் கிறிஸ்தவர் சிலர் பெயரை மாற்றி ஆங்கிலோ-இந்தியர் ஆனார்கள். அன்றைய மக்கள்தொகைக் கணக்கு அதிகாரிகளே இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்காக ஒரு படி மேலே ஏறியவர்களை நாம் ஏளனம் செய்யலாகாது. ஆனால் அந்தப் படிக்கு விலை உண்டு.

நட்சத்திரத்தின் ரகசியம்

அந்த விலையைக் காட்டும் கதை மெர்ல் ஓபரானுடையது. 1911-ல் பம்பாயில் பிறந்தவர். 1935-ல் வெளியான 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காக ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். உலகத்திடம் அவர் சொன்னதோ, தாம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாக!

அவரை வளர்த்த சார்லட் இலங்கையிலிருந்து வந்த கலப்பினப் பெண். மகளுடன் லண்டனில் குடியிருந்தார். ஆனால் விருந்தாளிகளுக்கு அவர் மகளின் வேலைக்காரி. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வெள்ளையர் வேற்றினத்தாரை மணப்பதே குற்றமாயிருந்த காலம் அது. 1967-ல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டங்களை ரத்து செய்தது. உண்மை வெளிப்பட்டால் பிழைப்பே போயிருக்கும்.

1937-ல் சார்லட் இறந்தார். பின்னர் 1949-ல் மெர்ல் ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்துத் தாயின் ஓவியம் எழுதச் செய்தார். அதிலும் தோலின் நிறம் வெளுப்பாக்கப்பட்டது. 1979-ல் மெர்ல் மறைந்த பிறகே அவர் பிறப்பின் உண்மை உலகுக்குத் தெரிந்தது. அதன் பின் இன்னொன்றும் வெளிவந்தது: அக்காள் என்று அவர் நினைத்திருந்த கான்ஸ்டன்ஸே அவரைப் பெற்றவள்; சார்லட் உண்மையில் பாட்டி. ஒரு பொய்க்குள் இன்னொரு பொய் உறங்கியிருந்தது.

காகிதத்தில் இல்லாதவள்

நம் அரசியல் சட்டத்தின் 366(2)-ஆம் பிரிவு, தந்தை வழியில் ஐரோப்பிய மூதாதை உள்ளவரையே ஆங்கிலோ-இந்தியர் என்கிறது. தாய் வழி கணக்கில் இல்லை. 1947-க்குப் பின் இங்கிலாந்து செல்ல விரும்பியவர்கள் மாதா கோயில் பதிவேடுகளில் தேடியதும் ஆங்கிலேயத் தாத்தாவின் பெயரைத்தான். சோறு பிசைந்து ஊட்டிய தமிழ்ப் பாட்டியின் பெயரை யார் தேடினார்கள்?

இது சட்டைக்காரர் கதை மட்டுமா? ராமகுப்பம் பக்கத்தில் தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் பேசும் குடும்பங்கள் ஏராளம். அங்கிருந்து வேறு மாநிலம் போய்ப் பிழைக்கும் நம்மிலும், பள்ளி மனுவில் 'தாய்மொழி' என்ற கட்டத்தின் முன் பேனா தயங்காதவர் எத்தனை பேர்? ஆபீஸ் நண்பர் வரும்போது கண்டாங்கிச் சேலை கட்டிய அம்மாவைச் சமையற்கட்டிலேயே இருக்கச் சொல்லாதவர் எத்தனை பேர்?

பிழைப்புக்காக எந்த மொழியையும் பேசலாம். எந்தச் சட்டையையும் போடலாம். வாசலில் யாரேனும் "இவர் யார்?" என்று கேட்டால், "என் அம்மா" என்று சொல்ல மட்டும் நாக்கு கூசக்கூடாது.