விதைநெல்லைக் கெடுக்கும் எலியும் பூஞ்சணமும்

எலி தின்ற நெல்லைக் கமக்காரர் கணக்கிடுவர். அது தின்னாமல் கெடுத்துவிட்டுப் போகும் நெல்லைக் கணக்கிடுவோர் சிலரே. பத்திரமாகச் சேமித்த விதைநெல் நிறம் மாறி, பூஞ்சண நாற்றம் கொண்டு, முளைக்காது போவதற்கு எலியும் ஒரு காரணமாகும்.

எலி பூஞ்சணத்தைப் பரப்பும் விதம்

பூஞ்சணம் பங்கசு வகையைச் சேர்ந்தது. அதன் வித்திகள் கண்ணுக்குப் புலப்படாத தூளாக மண்ணிலும் வைக்கோலிலும் அழுகிய காய்களிலும் உள்ளன. வளைகளில் வாழும் எலியின் மயிரிலும் கால்களிலும் ஒட்டி அவை களஞ்சியத்தை அடைகின்றன. எலி உமியைக் கொறித்து அரிசியை வெளிப்படுத்துகின்றது. அதன் சிறுநீர் நெல்லை ஈரமாக்குகின்றது. உடைந்த தானியமும் ஈரமும் ஒருங்கே உள்ள இடத்திற் பூஞ்சணம் விரைந்து வளரும்.

இதனால் விளையும் தீங்கு

அசுப்பெர்சில்லசு பிளேவசு என்னும் பூஞ்சணம் அப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். இங்கிலாந்தில் 1960ஆம் ஆண்டில் இந்நஞ்சு கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை உண்டு ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. இது மனிதரின் ஈரலைத் தாக்கிப் புற்றுநோயையும் விளைவிக்கும். சாதாரணமாகச் சமைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை. பூஞ்சணம் பிடித்த நெல்லைக் கழுவி உண்பதும், கோழிக்கோ பசுவுக்கோ இடுவதும் தவறு. பசு உண்டால் நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் சேரும்.

எலிகள் படர்தாமரையை உண்டாக்கும் பங்கசுகளையும் சுமப்பதுண்டு. ஆகவே செத்த எலியை வெறுங்கையால் தொடலாகாது.

மூலிகைகளின் பயன்

வேப்பிலைச் சாறு அப்லாடொக்சின் உண்டாவதைக் குறைப்பது ஆய்வுகூடங்களிற் காணப்பட்டுள்ளது. உள்ளிச் சாறும் பல பங்கசுகளின் வளர்ச்சியைத் தடுக்கும். படர்தாமரைக்கு வண்டுகொல்லி இலையைப் பூசுவது நெடுங்கால வழக்கம். எனினும், எம்மூலிகையும் ஈரநெல்லைக் காப்பாற்றாது. உண்டான நஞ்சை நீக்கவும் மாட்டாது. களஞ்சியத்தில் வேப்பிலை இடுவதாயின் நிழலில் நன்கு உலர்த்தியே இடுக. பச்சை இலை நெல்லுக்கு ஈரத்தைக் கொடுக்கும்.

செய்ய வேண்டியவை

1. விதைநெல்லை ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேற்படாதவாறு காயவிடுக. காய்ந்த மணி பல்லிற் கடித்தால் ‘டக்’கென உடையும்.

2. களஞ்சியத்தின் கால்கள் மூன்றடி உயரமாயிருத்தல் நன்று. ஒவ்வொரு காலிலும் தகரக் கூம்பு பொருத்துக. துவாரங்களைக் கால் அங்குலக் கண்ணுடைய கம்பிவலையால் அடைக்க.

3. சாக்குகளைத் தரையில் வையாது, மரச்சட்டங்களின் மேல், சுவரிலிருந்து விலக்கி அடுக்குக.

4. எலி வளையிலிருந்து தோண்டியெடுத்த நெல்லை ஒருபோதும் நல்ல நெல்லுடன் கலவாதீர்.

5. கத்தரி, மிளகாய் முதலிய மரக்கறி விதைகளை உலர்த்தி, இறுக மூடிய தகரப் பேணிகளிலோ போத்தல்களிலோ வைக்க.

6. கெட்ட தானியத்தை ஆழப் புதைத்துவிடுக.

எலி வளைகள் வரம்பிற் பெருகுமுன், அயற் கமக்காரர் அனைவரும் ஒரே காலத்தில் எலி ஒழிப்பை மேற்கொள்ளுதல் வேண்டும். ஒருவர் வயலில் மாத்திரம் ஒழித்தால் அடுத்த வயலிலிருந்து எலிகள் வந்து சேரும். மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.